ஓசூர்ச் சாலையும் ஒரு மாத்திரையின் வழக்கும்

பெங்களூர் நகரத்தார் தம் ஊரிலிருந்து தென்கிழக்கே புறப்படும் பெருவழியை நெடுங்காலமாக 'ஓசூர்ச் சாலை' என்றே அழைத்து வந்துள்ளனர். நகருக்குள் அதன் ஒரு பகுதிக்குப் பின்னாளில் வேறு பெயர் சூட்டப்பட்டாலும் மக்கள் நாவில் பழைய பெயரே நிற்கிறது. நம் ஊரின் பெயரைத் தாங்கிய அச்சாலையின் ஓரத்தில்தான் 1973 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அமைந்துள்ளது. ஓசூரிலிருந்து அவ்விடம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் மாநிலம் மாறும், மொழி மாறும், காப்பீட்டு அட்டையின் செல்வாக்கும் மாறும்.

கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்களில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும், அண்மைக் காலத்தில் வடமாநிலங்களிலிருந்தும் உழைப்பாளர்கள் வந்து குடியேறினர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் இந்த எல்லைப் பகுதியில், வீட்டில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்ததும் முதலில் எழும் வினா ஒன்று உண்டு: பெங்களூரா, வேலூரா, அடையாறா? அதற்கு அடுத்த வினா எப்போதும் பணத்தைப் பற்றியது. இந்த இரண்டாம் வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதி நம் சென்னையிலேயே நிகழ்ந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். அவ்வரலாற்றையே இங்கு எழுத முனைகிறோம்.

இரத்தப் புற்றுநோய் ஒன்றல்ல, பல. அவற்றுள் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்பது ஓர் அரிய வகை. ஓராண்டில் இலட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. இது ஓசையின்றி வரும். இடப்பக்க விலாவின் கீழ் ஒரு கனம், காரணமில்லாத மெலிவு, இரவில் வியர்வை. சிலருக்கு இவைகூட இரா. ஆலையில் ஆண்டுதோறும் செய்யும் உடற்பரிசோதனையில் தற்செயலாக அகப்படுவதும் உண்டு. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் நாலாயிரம் முதல் பதினோராயிரம் வரை இருக்கவேண்டிய வெள்ளணுக்கள் இலட்சத்தைத் தாண்டி நிற்கும். "ஆலைப் புகைதானே சாமி, காரணம்?" என்று எம்மிடம் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. பென்சீன் போன்ற கரைப்பான்கள் வேறொரு வகை லுகேமியாவை உண்டாக்குவது ஐயமற நிறுவப்பட்ட செய்தி. ஆனால் நாம் பேசும் இவ்வகைக்கு உறுதிப்பட்ட புறக்காரணம், ஹிரோஷிமாவில் பிழைத்தோரிடம் கண்டது போன்ற கடுங்கதிர்வீச்சு ஒன்றே. பெரும்பாலோர்க்கு இது ஏன் வந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. இது பரம்பரையாகப் பிள்ளைகளுக்குப் போவதில்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் இதனைக் கேட்டுத் திரும்பிப் போன வீடுகள் உண்டு என்பதால் இங்கு அழுத்திச் சொல்கிறோம்.

1845 இல் எடின்பரோ நகரில் ஜான் ஹியூஸ் பென்னட் என்பவரும், அதே ஆண்டில் பெர்லினில் ருடால்ஃப் விர்க்கோ என்பவரும் இந்நோயை விவரித்தனர். 'வெண்குருதி' என்ற பொருளில் லுகேமியா எனப் பெயரிட்டவர் விர்க்கோ. அடுத்த நூறாண்டுகளில் மருத்துவத்தின் கையில் இருந்தது மிகச் சிறிதே. குருதிப் புற்றுநோயை மருந்தால் தற்காலிகமாகவேனும் அடக்கலாம் என்ற நம்பிக்கை 1948 இல் பாஸ்டன் நகரில் பிறந்தது. சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் பதினாறு குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பத்துப் பேரிடம் முன்னேற்றம் கண்டார். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர். உடன்பிறந்தாரை நோய்க்குப் பறிகொடுத்தவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கல்லூரிக்குக் கதராடை அணிந்து சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த பட்டமே பெற்று வெளியேறியவர். அதே 1948 ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் நியூயார்க்கில் இறந்தார். நம் பாடநூல்களில் அவருக்குரிய இடம் இன்னும் கிடைத்ததாக நமக்குத் தோன்றவில்லை.

1960 இல் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்னும் இருவர், நாள்பட்ட மைலாய்டு லுகேமியா கொண்டோரின் அணுக்களில் குறுகிப்போன ஒரு குரோமோசோமைக் கண்டனர். கண்டறிந்த நகரின் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் எனப்பட்டது. திருவெளிப்பாட்டு நூலில் எவரும் பூட்ட இயலாத வாயில் திறந்து வைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் சபையின் பெயரும் அதுவே என்பதை விவிலியம் அறிந்த வாசகர் நினைவு கூர்வர். வாயில் திறந்தது உண்மை. அதனுள் நுழைய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 1973 இல் ஜேனட் ரௌலி என்ற அம்மையார், ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் தத்தம் நுனிகளை மாற்றிக்கொள்வதே இக்குறுக்கத்தின் காரணம் என்று காட்டினார். அந்த இடமாற்றத்தால் பிறக்கும் ஒரு பிறழ்ந்த புரதம், வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது.

இதற்கிடையில் நோயாளர் என்ன செய்தனர்? மாத்திரைகளால் வெள்ளணுக்களின் எண்ணிக்கையைக் குறைத்து வைத்தனர். எனினும் சில ஆண்டுகளில் நோய் முற்றி, கடும் லுகேமியாவாக மாறி, உயிரைக் கொண்டுபோகும். இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்கு உதவியது. முழுக் குணத்துக்கு ஒரே வழி எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அது 1986 இல் தொடங்கியது. ஆனால் அதற்குப் பொருந்தும் உடன்பிறப்பு வேண்டும். ஒவ்வோர் உடன்பிறப்பும் பொருந்துவதற்கான வாய்ப்பு நாலில் ஒன்றே. இலட்சக்கணக்கில் பணமும் வேண்டும். மாற்றின் விளைவாகவே இறந்தோரும் உண்டு. நிலத்தை விற்று அந்த வாயிலில் காத்து நின்ற குடும்பங்களை அக்கால அருள்பணியாளர் பலர் அறிவர்.

பின்னர் வந்தது இமாட்டினிப். பிறழ்ந்த புரதத்தின் செயலிடத்தில் போய் அமர்ந்து அதை முடக்கும் மருந்து. பின்னாளில் நோவார்ட்டிஸாக இணைந்த சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நிக்கலஸ் லைடன் முதலியோர் உருவாக்கிய வேதிப்பொருளை, அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக மருத்துவர் பிரையன் டிரக்கர் 1998 இல் நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தார். 2001 மே மாதம் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. 'கிளிவெக்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அம்மாத்திரையை நாள்தோறும் உண்டவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வொன்றில், பத்தாண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு எண்பத்துமூவர் உயிருடன் இருந்தனர். சில ஆண்டுகளில் கொன்ற நோய், மாத்திரை உண்டு கூடவே வாழும் நோயாயிற்று. மருத்துவ வரலாற்றில் இத்தகைய திருப்பங்கள் அரியவை.

ஆனால் இந்தியாவில் அதன் விலை மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். ஐதராபாத்தின் நாட்கோ முதலிய உள்நாட்டு நிறுவனங்கள் அதே மருந்தைச் செய்து எட்டாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்றன. இது எப்படி இயன்றது என்பதை விளங்கிக்கொள்ள மற்றொரு சென்னைக்காரரை நினைக்க வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் பின்னர் உச்சநீதிமன்ற நீதிபதியாகவும் இருந்த என். இராஜகோபால ஐயங்கார் 1959 இல் காப்புரிமைச் சட்டத்தைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சட்டம் வெளிநாட்டு நிறுவனங்களின் தனியுரிமைக்கே பயன்படுகிறது என்று கண்டு, மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கூடாது, அதனைச் செய்யும் முறைக்கு மட்டும் தரலாம் என்று அவர் பரிந்துரைத்தார். 1970 ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தழுவியே எழுந்தது. அச்சட்டத்தின் நிழலில்தான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது. உலக வணிக அமைப்பில் சேர்ந்ததால் 2005 சனவரி முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை அளிக்க இந்தியா கடமைப்பட்டது. அப்போது நாடாளுமன்றம் 3(d) என்ற பிரிவைத் திருத்தி அமைத்தது. ஏற்கெனவே அறிந்த பொருளின் புது வடிவம் என்பதற்காக மட்டும் காப்புரிமை கிடையாது, அதன் பயன்திறன் மேம்பட்டிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

நோவார்ட்டிஸ் தன் மருந்தின் குறிப்பிட்ட ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டி 1998 சூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனு அளித்திருந்தது. அது நிலுவையில் இருக்கும்போதே 2003 இல் தனி விற்பனை உரிமை பெற்றது. அதனால் உள்நாட்டு நிறுவனங்கள் சிலவற்றின் மலிவு மாத்திரைக்கு நீதிமன்றத் தடையும் வந்தது. தடை ஒரு சட்டச் சொல்தான். ஆயினும் கடையில் மாத்திரை இல்லாமற்போனால் அடுத்த மாதம் என்ன ஆவேன் என்று எண்ணிய நோயாளிக்கு அது உயிர்ப் பிரச்சினை. மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கம் இங்கேதான் களத்தில் இறங்கியது. 1969 முதல் ஏழை நோயாளர்க்கு உணவும் மருந்தும் உதவிவந்த அமைப்பு அது. போட்டி நிறுவனங்களோடு நோயாளர் தரப்பும் சென்னை அலுவலகத்தில் எதிர்மனு அளித்தது. மருந்து கொடுங்கள் என்று கேட்டு நின்றவர்கள், விலைக்குக் காரணமான உரிமையையே எதிர்த்து வாதாடப் புறப்பட்டது புதுமையல்லவா!

2006 சனவரி 25 அன்று உதவிக் கட்டுப்பாட்டு அலுவலர் வி. ரெங்கசாமி, நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தார். உலகின் பெரிய நிறுவனமொன்றை மறுத்து ஓர் அரசு அலுவலர் இட்ட அந்த ஆணை பல நாடுகளில் பேசப்பட்டது. 3(d) பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்று நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. வழக்கைக் கைவிடுமாறு வேண்டி உலகெங்குமிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அவர்களுள் ஒருவர். 2007 ஆகஸ்டு 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் ஆகியோர் வழக்கைத் தள்ளினர். குடிமக்களுக்கு உயிர்காக்கும் மருந்து எட்டும்படி செய்ய அரசு கடமைப்பட்டது என்பதை அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. (நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன் பிற்காலத்தில் ஆர். சூடாமணியின் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பதை இலக்கிய வாசகர் அறிய விரும்புவர்.) 2009 இல் மேல்முறையீட்டு வாரியமும் நிறுவனத்துக்கு உரிமை அளிக்கவில்லை. இறுதியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகியோர் தீர்ப்பளித்தனர். புதிய படிக வடிவம் உடலில் முப்பது விழுக்காடு கூடுதலாகச் சேரலாம், ஆனால் நோயைத் தீர்க்கும் திறன் கூடியதென அதனால் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் உயிர்நாடி. மனு அளித்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

நிறுவனத்தின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆய்வுக்குப் பெரும்பணம் செலவாகிறது, அது திரும்பாவிடில் அடுத்த மருந்து பிறக்காது என்பது அவர்கள் வாதம். அதை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மேலும், இந்தியாவில் தம் மருந்தைப் பெறுவோரில் மிகப் பெரும்பாலோர்க்கு அதனை இலவசமாகவே தருவதாக அவர்கள் கூறினர். பல்லாயிரம் பேர் அவ்வாறு பெற்றது உண்மை. அவர்களுள் நம் பகுதி மக்களும் உண்டு. "இலவசமாகத் தருகிறவர்களோடு ஏன் சாமி சண்டை?" என்று நன்றியுணர்வோடு கேட்ட நோயாளியை நாம் அறிவோம். அவருக்கு நாம் உடனே விடை சொல்லவில்லை. உயிர் காத்த கையை அவர் நினைப்பதில் குறை காண நாம் யார்?

ஆயினும் இறையியல் கற்றவர் என்ற முறையில் இதில் ஒரு வேறுபாட்டைக் காண்கிறோம். இலவசத் திட்டத்தில் நோயாளி விண்ணப்பிக்க வேண்டும், வருமானத்தை மெய்ப்பிக்க வேண்டும், ஏற்கப்பட்ட மருத்துவர் வழியே வரவேண்டும். ஏழையும் அல்லாத, இலட்சமும் இல்லாத நடுத்தரக் குடும்பம் எங்கே போகும்? கொடுப்பவர் மனம் மாறினால் கொடை நிற்கும். மலிவு மருந்து சந்தையில் இருந்தாலோ, எவரிடமும் கையேந்தாமல் ஒரு தொழிலாளி தன் கூலியில் வாங்கலாம். ஏழைக்கு இன்றியமையாததை அளிப்பதை இரக்கத்தின் கணக்கில் எழுதாமல் நீதியின் கணக்கில் எழுதவேண்டும் என்று பெரிய கிரகோரியார் ஆறாம் நூற்றாண்டிலேயே அருள்பணியாளர்க்கு அறிவுறுத்தினார். மண்ணுலகப் பொருள்கள் எல்லா மக்களுக்குமானவை என்று 1965 இல் சங்க ஏடு கற்பித்தது. தனியுடைமையின்மேல் சமூகத்துக்கு ஓர் அடமானம் உண்டு என்று 1987 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். அறிவும் தொழில்நுட்பமும் நிலத்தைப் போலவே ஓர் உடைமைதான் என்பதைப் பின்னொரு சுற்றுமடலில் அவரே எடுத்துரைத்தார். எனவே கண்டுபிடிப்பாளர்க்கு ஊதியம் வேண்டும், ஆனால் அந்த உரிமைக்கு எல்லையும் வேண்டும் என்பதே எம் முடிபு. அந்த எல்லையை எங்கே இடுவது என்பதை அறவுரைகள் மட்டும் தீர்மானித்துவிடா. சட்டமும் வழக்கும் அதற்குத் தேவைப்பட்டன.

மருந்துக்கு உடைமையாளரே இல்லாதபோது என்ன நிகழும் என்பதற்கும் நம் அருகிலேயே ஒரு சான்று உண்டு. கிருட்டினகிரியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகச் சென்றால் வரும் வேலூரில்தான் அது. கடும் புரோமைலோசைட்டிக் லுகேமியா இன்னும் அரியது, இன்னும் கொடியது. நோயாளி சில நாள்களிலேயே குருதி கசிந்து இறக்கக் கூடும். சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களில் இதற்கு ஆர்சனிக்கைப் பயன்படுத்தினர். சித்த மருத்துவம் வெள்ளைப் பாடாணம் என்று சொல்லும் நஞ்சு அது. மேலைநாடுகள் விலையுயர்ந்த வேதிச் சிகிச்சைகளோடு வேறு மருந்துகளை முதன்மையாக்கி, ஆர்சனிக்கை நோய் மீண்டவர்க்கு மட்டும் ஒதுக்கி வைத்த காலத்தில், வேலூர் மருத்துவர்கள் தம்மிடம் வரும் ஏழைகளை எண்ணி, அம்மருந்தைத் தனித்தே முதற்சிகிச்சையாக 1998 முதல் கொடுத்துப் பார்த்தனர். எழுபத்திரண்டு நோயாளரில் அறுபத்திரண்டு பேரிடம் நோய் முற்றிலும் அடங்கியது என்று விக்ரம் மேத்யூஸ் முதலியோர் 2006 இல் அறிவித்தனர். மூன்றாண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்கு எண்பத்தாறு பேர் உயிரோடிருந்தனர். பின்னர் மேலைநாட்டு ஆய்வுகளும் ஆர்சனிக்கை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தன. 2019 இல் உலக நலவாழ்வு அமைப்பு தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அதனைச் சேர்த்தது. இதைப் படித்துவிட்டு எவரும் பாடாணப் பொடி தேடி நாட்டு மருந்துக் கடைக்குப் போய்விடலாகாது. மருத்துவமனையில் அளந்து, இதயத் துடிப்பைக் கண்காணித்து நரம்பில் ஏற்றுவது வேறு, பொட்டலத்தில் வாங்கி விழுங்குவது வேறு.

இன்று நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவோடு வாழ்வோர்க்கு நிலைமை மாறியுள்ளது. இமாட்டினிப் 2015 முதல் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. அது பலிக்காதவர்க்கு டாசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற அடுத்த தலைமுறை மருந்துகள் உள்ளன. மாத்திரை கிடைத்தபின் வரும் இடர் வேறு வகையினது. உடல் நலமாக இருப்பதாலேயே பலர் மாத்திரையை விட்டுவிடுகின்றனர். முறை மாறி முறை இரவுப் பணி செய்யும் ஆலைத் தொழிலாளிக்கு 'நாள்தோறும் ஒரே நேரம்' என்பதே கடினம். உணவுக்குப் பின் நிறையத் தண்ணீரோடு உண்ணாவிடில் குமட்டல் வரும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிறழ்ந்த மரபணுவின் அளவைப் பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனை வேண்டும். மாத்திரைக்கு வழி கண்டவர் இந்தச் செலவுக்கும் ஒருநாள் கூலி இழப்புக்கும் அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்ப்பதைக் காண்கிறோம். மருந்து செயலிழந்ததை அதுவே முதலில் காட்டும் என்பதால் அந்தச் சிக்கனம் ஆபத்தானது. குழந்தைப் பேற்றை விரும்பும் பெண்கள் கருத்தரிக்கும் முன்னரே மருத்துவரிடம் பேசவேண்டும். இமாட்டினிப் கருவுக்குத் தீங்கு செய்யக் கூடியது. பல ஆண்டுகள் நோயின் சுவடே தென்படாதவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் மருத்துவரின் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்தியும் நலமாக இருக்கின்றனர் என்பது 2010 இல் பிரான்சில் வெளிவந்த ஆய்வுக்குப் பின் தெரிந்த மகிழ்ச்சியான செய்தி. தாமாக நிறுத்துவோர்க்கு இது பொருந்தாது.

தொழிலாளர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உரிய காலம் பணம் செலுத்தியவர்க்குப் புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு ஊதியத்தில் எண்பது விழுக்காடு வீதம் இரண்டாண்டுகள் வரை உதவித்தொகை பெற வழி உண்டு. நோயைக் கேட்டதும் அஞ்சியோ, மேலாளர் சொல் கேட்டோ வேலையை விட்டு விலகிவிட்டால் அந்த உரிமையும் கைநழுவும். மருத்துவச் சான்று கையில் வரும்வரை விலகல் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று நம் பங்கின் தொழிலாளரிடம் சொல்லி வருகிறோம். எல்லை தாண்டிச் செல்வோர், தம் காப்பீட்டு அட்டை அங்குள்ள மருத்துவமனையில் செல்லுமா என்பதைச் சேரும் முன்னரே கேட்டறிதல் நன்று. பெங்களூரா வேலூரா என்ற முதல் வினாவுக்குச் சில நேரம் அந்த அட்டையே விடை தந்துவிடுகிறது.

புதிய மருந்துகள் தொடர்ந்து வருகின்றன. முந்தைய மாத்திரைகளுக்கு அடங்காத நோய்க்கு அசிமினிப் என்ற மருந்து 2021 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனை உருவாக்கியதும் நோவார்ட்டிஸ் நிறுவனமே. இம்முறை அது பழம்பொருளின் புது வடிவம் அன்று, புதிய மூலக்கூறே. எனவே 3(d) பிரிவு அதன்முன் அவ்வளவு எளிதில் நிற்காது.